பிந்திச் சிரித்த பெண்

தலைவரே, அண்ணனைக் கொன்றது நீங்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நோய் என்று எழுதியிருக்கலாம். நான் காகிதத்தைச் சொல்லவில்லை. அவரோடு யாரும் பேசக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, படகில் ஏற்றக் கூடாது என்று கோயில் வாசலில் மைக்கைப் பிடித்துச் சொன்னீர்கள். இரண்டு வருஷம் அதை நடத்தியும் காட்டினீர்கள். கடலில் ஆட்கள் காணாமல் போயிருந்த நேரத்தில் வீட்டில் டி.வி. போட்டு, ஒரு பெண்ணோடு உட்கார்ந்து சிரித்தார் என்பது அவர் மேல் வைத்த குற்றம். அவர் சிரிக்கவில்லை. இதை நீங்கள் அதே மைக்கில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. காரைக்கால் கரையில் இருக்கிற எந்த ஊர் என்று படிக்க வேண்டியவர்களுக்குத் தெரியும். அண்ணன் பெயரையும் எழுதவில்லை. அந்தப் பெயர் ஊருக்குள் யார் வாயிலும் வரக் கூடாது என்பது உங்கள் கட்டுப்பாடு. அதை நீக்க வேண்டியவர் நீங்கள். முதலில் உங்கள் வாயால் அந்தப் பெயர் வரட்டும்.

அவர் எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில், ஐஸ் கொட்டகையை ஒட்டி அவர் வீடு. என் வீட்டுக்காரர் அவரை அண்ணே என்றார், நானும் அண்ணே என்றேன். ஊர் அவரைச் சீமைக்காரர் என்றது.

எங்கள் பக்கம் பிரான்சுக்குப் போனவர்கள் நிறையப் பேர். திரும்பும்போது சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். கொஞ்ச நாளில் வீட்டுக்கு மாடி எழும்பும். அண்ணன் போனது இங்கிலாந்துக்கு. வடக்கே ஒரு துறைமுகத்தில், மீன்பிடிக் கப்பலில் ஆறு வருஷம் வேலை. அவர் கொண்டுவந்தது ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே முழுக்க டிவிடி. அந்த நாட்டு டி.வி.யில் வந்த பழைய சிரிப்புத் தொடர்கள். நான் பிறப்பதற்கு முன்னால் எடுத்தவை.

“பிரான்சுக்காரன் மாடி கட்டுறான், நம்ம சீமைக்காரன் பெட்டியைப் பாத்துச் சிரிக்கிறான்” என்று ஐஸ் கொட்டகையில் பேசுவார்கள். அவர் காதில் விழும்படியே பேசுவார்கள். அவர் காதில் விழாது. ஆறு வருஷம் இன்ஜின் அறையில் நின்று காது பாதி போய்விட்டது. அதனால் அவர் வீட்டு டி.வி. எப்போதும் முழுச் சத்தத்தில்தான் ஓடும். மீன் ஏலம் கூவுகிறவர்கூட, “அண்ணே, கொஞ்சம் குறைங்க, உங்க வெள்ளைக்காரன் என் கெளுத்திக்கு விலை கேக்குறான்” என்று கத்துவார்.

அந்தச் சந்தில் யாரும் நேராக நடந்து போய்விட முடியாது. கூடை தலையில் இருந்தாலும் விடமாட்டார்.

“தங்கச்சி, ஒரு நிமிஷம். இதை மட்டும் பாத்துட்டுப் போ.”

“மீன் கெட்டுப்போயிடும் அண்ணே.”

“கெடாது. அரை நிமிஷம். இப்ப பாரு, அந்த ஆளு கதவைத் திறப்பான் பாரு.”

அந்த ஆள் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே அண்ணன் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். அப்புறம் எங்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் பேசும் இங்கிலீஷ் எங்களில் ஒருவருக்கும் புரியாது. அண்ணனுக்கே பாதிதான் புரியும் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்வார்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது ஒரு டீக்கடைக் கதை. கடலுக்குள் நீட்டிக் கட்டிய மரப்பாலம். அதன் நுனியில் ஒரு டீக்கடை. எப்போதும் மழை. கடைக்காரன் பெரிய ஆள் மாதிரிப் பேசுவான். கடையை விற்றுவிட்டு வெயில் அடிக்கிற ஊருக்குப் போய்விட வேண்டும் என்பது அவன் ஆசை. அவனுக்கு ஒரு மச்சினி, அவன் சொல்வதை எல்லாம் ஒரே வார்த்தையில் கவிழ்த்துவிடுவாள். ஒரு சர்வர், கையில் எது கொடுத்தாலும் கீழே போடுவான். வாராவாரம் கடைக்காரன் ஒரு திட்டம் போடுவான். வாராவாரம் அது நாசமாகும். கடைசியில் மூன்று பேரும் அதே நாற்காலியில் அதே டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். “அண்ணே, இந்த ஆளு என்னைக்காவது ஒரு டீ வித்திருக்கானா?”

“விக்க மாட்டான்டா. வித்தா கதை முடிஞ்சிரும்.”

“பெட்டியைக் கட்டிக்கிட்டு எங்கயாவது போவவாவது சொல்லுங்க.”

“போவ மாட்டான். நல்லா எழுதி வச்சுக்க. அடுத்த வாரம் போட்டாலும் இங்கதான் இருப்பான். மச்சினியும் இருக்கும். அந்தத் தட்டு போடுறவனும் இருப்பான். ஒருத்தன் குறையமாட்டான்.”

ஒருத்தன் குறையமாட்டான். இதை அவர் அடிக்கடி சொல்வார். கரையில் இருக்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் சுவரில் மாலை போட்ட படம் இல்லாத வீடு எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். நம் டி.வி.யில் சாயங்காலம் ஓடுகிற தொடர்களிலும் நாளுக்கு ஒருவர் சாகிறார், இல்லை ஒருத்தி பாலில் விஷம் கலக்கிறாள். அண்ணன் வீட்டுத் தொடர்களில் யாரும் சாவதில்லை, யாரும் ஜெயிப்பதுமில்லை. ஒன்றுக்கும் உதவாத நாலு பேர், ஒரே அறை, அரை மணி நேரம் சண்டை, கடைசியில் எல்லோரும் மிச்சம். ஐம்பது வருஷமாக ஜனங்கள் அதைப் போட்டுப் போட்டுப் பார்ப்பதற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கதையில் தெரிகிற கடல் நிஜக் கடல் இல்லை. துணியில் வரைந்தது. எங்கள் ஆட்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

“என்னா அண்ணே இது, அலை அப்படியே நிக்குது?”

“நிக்கட்டும். அதுல ஆளு முழுவ மாட்டான்” என்றார் அண்ணன்.

ஆறு வருஷம் அந்த நாட்டில் இருந்தவர் அந்த நாட்டு மண்ணை மிதித்ததில்லை. இது ஊரில் பலருக்குத் தெரியாது. அவருக்குக் கொடுத்த காகிதம் கப்பல் ஏறுவதற்கு மட்டும்தான். கரையில் தங்க அனுமதி இல்லை. துறைமுகத்தில் கயிறு கட்டி நிற்கும்போதும் கப்பலுக்குள்ளேதான் சாப்பாடு, படுக்கை. எதிரே ஒரு டீக்கடை தெரியுமாம். மஞ்சள் வெளிச்சம், கண்ணாடிக்குப் பின்னால் ஜனங்கள், குடை பிடித்த பெண்கள். நூறு அடி தூரம். போகக் கூடாது. கப்பல் முதலாளியின் அம்மா ஒருநாள் பாவம் பார்த்து ஒரு சின்ன டி.வி.யும் இந்த அட்டைப்பெட்டியும் கொடுத்தனுப்பினாள். அதில்தான் அவர் அந்த நாட்டு வீடுகளுக்குள் போனார். சீமை எப்படி இருக்கும் அண்ணே என்று யாராவது கேட்டால் டி.வி.யைக் கை காட்டுவார். வேறு எதையும் அவர் பார்த்ததில்லை.

அங்கே இருந்தபோதுதான் அண்ணி போனது. குழந்தை இல்லை. அவர் நடுக்கடலில் இருந்தார். சேதி போய், அவர் வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் முடிந்து பந்தலைக்கூடப் பிரித்துவிட்டார்கள்.

அந்தத் தொடர்களில் கூட்டம் சிரிக்கிற சத்தம் வருமே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அதை மெஷின் சிரிப்பு என்று நினைத்திருந்தேன். ஒருநாள் சொல்லியும் விட்டேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மெஷினா? இது ஜனம், தங்கச்சி. இந்த டீக்கடையை ஒரு கொட்டகைக்குள்ள கட்டி, முன்னாடி ஆளுங்களை உக்கார வச்சு எடுத்தது. சிரிக்கிறது நிஜ ஆளு. இருமிக்கிட்டே சிரிக்கிற கிழவன் ஒருத்தன் இருக்கான், கேளு. அப்புறம் ஒரு பொம்பள இருக்கு. அது எப்பவும் பிந்திதான் சிரிக்கும். எல்லாரும் முடிச்ச பொறவு தனியாச் சிரிக்கும்.”

விரலைத் தூக்கிக் காத்திருந்தார். கூட்டம் சிரித்து ஓய்ந்தது. ஒரு நொடி அமைதி. பிறகு ஒரே ஒரு பெண்ணின் சிரிப்பு, தனியாக.

“வந்துருச்சு பாத்தியா!”

அந்தப் பெண்ணுக்காகவே அவர் பார்த்தார் என்று நான் சொல்வேன். அவள் முகம் யாருக்கும் தெரியாது. டி.வி.யில் அவள் வருவதில்லை. சிரிப்பு மட்டும்தான். “இந்நேரம் செத்துப்போயிருக்கும்” என்பார். “ஆனா போட்ட உடனே வந்துருது பாரு.” எந்த டிவிடியில் எந்த இடத்தில் அவள் சிரிக்கிறாள் என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சிலவற்றில் அவள் இல்லை. “இதுக்கு வரல. அன்னைக்கு உடம்பு சரியில்லையோ என்னமோ” என்று, சொந்தக்காரியைப் போலச் சொல்வார். அவள் வராத டிவிடிகளை அவர் அவ்வளவாகப் போடமாட்டார்.

உங்களுக்கும் அவளைத் தெரியும், தலைவரே. மறந்துவிட்டீர்களா? மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மதியம், வலைப் பிரச்சினை ஒன்றுக்குச் சாட்சி கேட்க அவர் வீட்டுக்கு வந்தீர்கள். அவர் உங்களையும் விடவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தீர்கள். அண்ணன் விரலைத் தூக்கினார், அவள் சிரித்தாள், உங்கள் வாயிலிருந்த வெற்றிலை சட்டையில் விழுகிற மாதிரி நீங்களும் சிரித்தீர்கள். “யோவ், இந்தப் பொம்பளைக்கு விளங்குறதுக்கே நேரமாவுதுய்யா” என்றீர்கள். நான் அவருக்குக் கொடுக்க வந்த கவளை மீனோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

இனி அந்த நாலு நாளைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் பைபர் படகில் போனார்கள். மறுநாள் வர வேண்டும். வரவில்லை. ஊர் வழக்கப்படி தொழில் நின்றது. தேடப் போன படகுகளைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. ஒலிபெருக்கி இல்லை, மேளம் இல்லை, வீட்டு டி.வி.யின் சத்தம் வாசலைத் தாண்டக் கூடாது. இது நல்ல வழக்கம். நான் குறை சொல்லவில்லை.

என் வீடு முழுக்கப் பெண்கள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டே இருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வந்துடுவாரு என்று சிலர். தைரியமா இரு என்று சிலர். தைரியமாக இரு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நாலாம் நாள் மதியம் என்னால் மூச்சு விட முடியவில்லை. கொல்லைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்சந்தில் இறங்கி அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

ஒரு கேள்வி கேட்கத்தான் போனேன். அவரைத் தவிர யாரிடமும் கேட்க முடியாத கேள்வி.

“அண்ணே, தண்ணியில ஒரு ஆளு எத்தனை நாள் தாங்குவான்?”

அவர் அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். இரண்டு டம்ளரில் டீ ஊற்றி ஒன்றை என்னிடம் கொடுத்தார். பிறகு சொன்னார்.

“எங்க கப்பல்ல ஒருத்தன் தவறி விழுந்துட்டான், தங்கச்சி. பிலிப்பைன்ஸ்காரப் பையன். ஒம்போது நாள் தேடுனோம். அந்த ஒம்போது நாளும் கேபின்ல இதைத்தான் போட்டு வச்சிருந்தோம். ஒருத்தனும் சிரிக்கல. சத்தம் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. அது ஓடுறவரைக்கும் எங்கள்ல யாரும் எந்திரிச்சுப் போயி அவன் பெட்டியைக் கட்டல.”

அவன் கிடைத்தானா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“போடுங்க அண்ணே” என்றேன். நான்தான் சொன்னேன். இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். அவராகப் போடவில்லை, நான் போடச் சொன்னேன். ஒருத்தன் குறையமாட்டான் என்று அவர் சொல்கிற கதையை நான் பார்க்க வேண்டியிருந்தது. அவர் சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தார். அவர் காதுக்கு அது குறைவு. ஊர் முழுக்க அமைதியாக இருந்த மதியம் அது. ஐஸ் கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கைக்கு வந்த டிவிடியைப் போட்டார். அந்தப் பெண் வராத ஒன்று.

டீக்கடைக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார். ஏழு கோப்பைகளைத் தட்டில் அடுக்கி, சர்வர் நடந்து வருகிறான். கடைக்காரன் கண்ணை மூடிக்கொள்கிறான். சர்வர் ஒரு சொட்டுச் சிந்தாமல் மேஜையில் வைத்துவிடுகிறான். முதல் தடவையாக ஒன்றும் உடையவில்லை. பெருமையோடு நிமிர்கிறான். மேஜைத் துணியில் ஒரு சுருக்கம். அதைச் சரி செய்கிறேன் என்று நுனியைப் பிடித்து இழுக்கிறான். ஏழும் போயிற்று. கூட்டம் கொட்டகை இடிகிற மாதிரிச் சிரித்து ஓய்ந்தது. எல்லாம் உடைந்த பிறகு, அவன் அந்தத் துணியை உதறி, நாலாக மடித்து, தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

நான் சிரித்துவிட்டேன்.

நினைத்துச் சிரிக்கவில்லை. விக்கல் மாதிரி வந்தது. கூட்டம் ஓய்ந்த அமைதியில் என் சிரிப்பு மட்டும் கேட்டது. கையால் வாயைப் பொத்தினேன். அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கண் நிறைந்திருந்தது. எழுந்து டி.வி.யை அணைத்தார்.

“வீட்டுக்குப் போ தங்கச்சி. கொல்லைப் பக்கமாவே போ.”

நான் அங்கிருந்து கிளம்பிப் போன பத்து நிமிஷத்தில், தேடிவிட்டு வந்த இரண்டு பேர் அவர் வாசலில் நின்றிருக்கிறார்கள். ஐஸ் கொட்டகைப் பக்கம் படகைக் கரையேற்றும்போதே கூட்டச் சிரிப்பும் ஒரு பெண்ணின் சிரிப்பும் கேட்டதாம். உள்ளே பார்த்தால் இரண்டு டம்ளர்.

மறுநாள் காலையில் மண்டபத்தூர் கரையில் என் வீட்டுக்காரரின் தண்ணீர்க் கேன் ஒதுங்கியது. சிவப்பு நாடா சுற்றி, அவர் பேரின் முதல் எழுத்தைக் கறுப்புப் பெயின்ட்டால் எழுதிய கேன். ஆட்கள் மூவரும் இன்றுவரை வரவில்லை.

கேன் வந்ததற்கு மறுநாள் கோயில் வாசலில் பஞ்சாயத்து. நம் ஊரில் பெண்கள் பஞ்சாயத்தில் உட்காரக் கூடாது. பேசவும் கூடாது. ஆனால் மைக்கில் பேசுகிறவர்களால் பெண்கள் காதை மூட முடியாது. வீட்டுக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

“ஆளு காணாம இருக்கிறப்பப் போடக் கூடாத டி.வி.யைப் போட்டியா?” இது நீங்கள்.

“போட்டேங்க. தப்புதான்.”

“கூட இருந்த பொம்பள யாரு?”

“யாரும் இல்லைங்க.”

“ரெண்டு டம்ளர் எதுக்குய்யா?”

“ரெண்டும் நான் குடிச்சதுதாங்க.”

“பொம்பள சிரிச்ச சத்தம் கேட்டிருக்கு. எல்லாரும் சிரிச்சு முடிச்ச பொறவு தனியா ஒரு பொம்பள சிரிச்சிருக்கா.”

“அது படத்துல இருக்கிற பொம்பளதாங்க. எப்பவும் பிந்திதான் சிரிக்கும். தலைவரே, உங்களுக்கே தெரியுமே.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆமாம், அந்தப் பொம்பளை உண்டு என்று பலருக்கும் தெரியும். அங்கேயே அது முடிந்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டீர்கள்.

“அப்ப அதே படத்தை எடுத்துட்டு வந்து இங்க போடு. ஊரே கேக்கட்டும்.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அந்த டிவிடியில் அவள் இல்லை. அது அண்ணனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். போட்டால், துணியை மடிக்கிற இடத்தில் எந்தப் பெண்ணும் சிரிக்கமாட்டாள். அப்புறம் சிரித்தது யார் என்று ஊர் வீடு வீடாகக் கேட்கும். நாலாம் நாள் மதியம் எந்தப் பெண் கொல்லைக்குப் போய் அரை மணி நேரம் வரவில்லை என்று என் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

சந்தில் போகிற வருகிற எல்லோரையும் கையைப் பிடித்து இழுத்துப் படம் காட்டியவர் அவர். வாழ்நாளில் ஒருமுறை, ஊரே கூடிப் பார்க்கிறேன் என்று சொன்னபோது, மாட்டேன் என்றார்.

“போட மாட்டேங்க.”

“ஏன்?”

“ஆளு காணாம இருக்கிறப்பப் போடக் கூடாதுன்னு நீங்கதானே இப்பச் சொன்னீங்க.”

யாரோ ஒருவர் கூட்டத்தில் களுக்கென்று சிரித்துவிட்டார். மைக்கிலேயே கேட்டது. அவர் யார் என்று நீங்கள் விசாரிக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நிமிஷமே அண்ணனை ஊரை விட்டு ஒதுக்கியதாக அறிவித்தீர்கள். பேச்சு இல்லை, கடை இல்லை, படகு இல்லை, ஆட்டோ இல்லை. பேசுகிறவர்களுக்கும் அதே கதி.

நான் எழுந்து வெளியே போய் அது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு இரண்டு பெண்கள். புருஷன் கடலில் கிடக்கும்போது அடுத்தவன் வீட்டில் சிரித்தவளின் மகள்கள் என்று ஊர் சொல்லும். பயந்தேன். பயத்துக்கு மேல் இன்னொன்றும் இருந்தது. கடலுக்குப் போனவன் உயிர், கரையில் இருக்கிறவள் நடத்தையில் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்திருக்கிறீர்கள். நான் சிரித்த மறுநாள் கேன் வந்தது. நான்தான் அவரை மூழ்கடித்தேன் என்று நம்பினேன். இரண்டு வருஷம் நம்பினேன். மீன் கூடையோடு குரும்பகரத்துத் தெருக்களில் கூவும்போதும், வாடிக்கையாளர் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் எனக்கு வாய் கோணிக்கொள்ளும். அதற்குப் பிறகு நான் ஒரு தடவையும் சிரித்ததில்லை. சிரித்தால் அடுத்து யார் போவார்கள் என்று பயம்.

அண்ணன் ஒரு வருஷம் அந்த வீட்டிலேயே இருந்தார். டி.வி. போடுவதை நிறுத்திவிட்டார். அந்தச் சந்து அமைதியாகிவிட்டது. அரிசி வாங்கக்கூட டவுனுக்கு நடந்து போவார். எதிரே வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் சுவரோரம் ஒதுங்கி எனக்கு வழி விடுவார். ஒருமுறை பொறுக்க முடியாமல் விடியற்காலையில் அவர் கொல்லையில் நாலு சங்கரா மீனை வைத்துவிட்டு வந்தேன். வெயில் ஏறுவதற்குள் அந்த மீன் என் கொல்லையில் இருந்தது. செதில் எடுத்து, கழுவி, வாழை இலையில் சுற்றி வைத்திருந்தார். யாராவது பார்த்தால் எனக்கு வம்பு வரும் என்று திருப்பிவிட்டார். அதைக் குழம்பு வைத்து என் பெண்களுக்குப் போட்டேன். எனக்கு இறங்கவில்லை.

அப்புறம் அவர் டவுனில் ஓர் அறை எடுத்துப் போய்விட்டார். போன மாதம் இறந்தார். நாகப்பட்டினத்திலிருந்து அவர் அக்கா மகன் வந்து, நம் ஊர்ச் சுடுகாட்டில் வைக்க உங்களிடம் அனுமதி கேட்டார். கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் என்றீர்கள். செத்தவரோடு யார் பேசப் போகிறார்கள் என்று பயந்தீர்கள், தலைவரே? வேறிடத்தில் எரித்தார்கள். சாம்பலை வேறு கரையில் கரைத்தார்கள்.

காரியம் முடிந்து அந்தத் தம்பி என் வீட்டுக்கு வந்தார். கையில் அந்த அட்டைப்பெட்டி.

“அக்கா, மாமா இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு. ஒண்ணு மட்டும் தனியா இருந்துச்சு. அரிசி டப்பாவுக்குள்ள, அடியில வச்சிருந்தாரு. ஏன்னு தெரியல.”

எனக்குத் தெரிந்தது. நாலாம் நாள் ஓடிய அந்த டிவிடி யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று இரண்டு வருஷம் அரிசிக்கு அடியில் வைத்திருந்திருக்கிறார்.

வருகிற அமாவாசைக்கு ஊர்க்கூட்டம். நான் வருவேன். பெண்கள் வரக் கூடாது என்றால் என்னைத் தூக்கித்தான் வெளியே போட வேண்டியிருக்கும். டி.வி.யைக் கொண்டுவருவேன். அந்த டிவிடியைக் கோயில் வாசலில் முழுச் சத்தத்தில் போடுவேன். சர்வர் துணியை மடிக்கிற இடத்தில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெண்ணும் சிரிக்கமாட்டாள். அந்த இடத்தில் சிரித்தவள் நான். அப்போது எழுந்து நிற்பேன். என் மகள்களுக்கு இதைச் சொல்லிவிட்டேன். பெரியவள் டி.வி.யைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறாள்.

என்னை ஒதுக்கி வையுங்கள். பேச்சும் கடையும் எனக்கு வேண்டாம். ஆனால் மைக்கை அணைக்காதீர்கள். வீட்டுக்குள் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் கேட்கிற மாதிரி, முதலில் அண்ணன் பெயரைச் சொல்லுங்கள். முழுப் பெயரை. அவர் சிரிக்கவில்லை என்று சொல்லுங்கள். பிறகு நான் கேட்கிற ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள், தலைவரே. நான் சிரித்ததாலா என் புருஷன் செத்தார்? ஆமா, இல்லையா? ஊர் கேட்கச் சொல்லுங்கள்.